கையில் நின்ற வெள்ளை

வெள்ளி, இரவு.

எனக்கு எண்ணெய் வழியும் முகம். பாண்டி பஜார் கடையில் என் ஒவ்வொரு கையிலும் ஒரு சன்ஸ்கிரீனைத் தடவிக் காட்டினார்கள். கொரியன் கிரீம் தண்ணீர் போல இறங்கித் தடமில்லாமல் மறைந்தது. மற்றது வெள்ளையாகப் படிந்து நின்றது.

அம்மா அந்த வெள்ளைக் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். "இத்தயே எடுத்துக்கடி, நல்லா கலர் குடுக்குது. ஞாயித்துக்கெயம பொண்ணு பாக்க வர்றாங்கல்ல."

"அது கலர் இல்லம்மா. கிரீம் உள்ள இறங்கல."

எரிச்சலோடு கொரியன் கிரீமுக்கே பில் போடச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். என் கையிலிருந்து வழித்த வெள்ளையைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு, அம்மா கடைக் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளும் என் நிறம்தான். அப்பா வீட்டார் அவளைப் பெண் பார்க்க வந்த அன்று என்ன சொன்னார்களோ.