கிரகணத்தில் விழுந்த உலக்கை

என் ஆசை அண்ணாத்தே,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நிலாவில் ஆள் இறங்கினான் என்று ரேடியோவில் சொன்ன அன்றைக்கு, யாருக்கும் தெரியாமல் கொல்லைப்பக்கம் போய், "தெரியாம மிதிச்சிட்டான் சாமி, மன்னிச்சிக்கோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வானமெல்லாம் மேகம். நிலா எந்தப் பக்கம் என்று புரியாமல் சுற்றிச் சுற்றிக் கும்பிட்டேன்.

மறுநாள், கோயிலில் ராகு கதை சொல்கிற உன்னிடம் வந்து, "அங்க பாம்பு கீதாமா? போனவன் பார்த்தானாமா?" என்று கேட்டேன். நீ வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு இன்னா அர்த்தம் அண்ணாத்தே? உண்டு என்றா, இல்லை என்றா? அப்போதே சட்டையைப் பிடித்துக் கேட்காமல் விட்டேன். இப்போது நீயும் இல்லை.

ஏன் கேட்கிறேன் என்றால், கார்த்திகைப் பௌர்ணமியில் கிரகணம் பிடித்ததே, அன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் முடியாது.

உன் மகள் அஞ்சலை நிறைமாசம். பார்த்துவிட்டு வரலாம் என்று பட்டாபிராம் போனேன். பெண்ணுக்கு முகமெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. மத்தியானத்திலிருந்து தலை பிளக்கிறதாம். பொழுது சாயச் சாய, "அத்தே, உன் மூஞ்சி மங்கலா தெரியுது" என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கிளப்பு என்றால், உன் மருமகன் தேவராஜ் கதவை மறித்து நிற்கிறான். ஜன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டியிருக்கிறான். கூடத்து நடுவில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் உலக்கையை நட்டமாக நிறுத்தி வைத்திருக்கிறான்.

"கிரகணம் விட்டாத்தான் உலக்கை சாயும் அத்தே. அதுவரைக்கும் பிள்ளைத்தாச்சி வெளிய வரக்கூடாது. கொழந்தைக்கு உதடு பிளந்துடும்."

"ஏண்டா, நெலாவை முழுங்கிகினு கீற பாம்பு, அத்த உட்டுட்டு இவ வயித்தப் பார்க்கவா பட்டாபிராம் வரும்? அதுக்கு ரயிலு டைம் தெரியுமா?"

"கிண்டல் பண்ணாத அத்தே. இது விஞ்ஞானம். பூமி இழுக்கிற இழுப்பு மாறுது, அதான் உலக்கை நிக்குது. நம்ம பெரியவங்க அப்பவே எழுதி வெச்சிட்டாங்க. மாமா சொல்லலியா?"

மாமா. உன்னைத்தான் சொல்கிறான். மெஷினில் வேலை செய்கிறவன், பத்தாவது படித்தவன், உன் கதையை எடுத்துக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டுவிட்டான். அதைவிட அதிர்ச்சி, உள்ளே இருந்து அஞ்சலையும், "வேணாம் அத்தே, அப்பா சொல்லிக்கீறாரு" என்கிறாள். கண் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு சொல்கிறாள்!

அப்புறம் நான் யோசிக்கவில்லை. காலால் ஒரே எத்து. தாம்பாளமும் உலக்கையும் தடாலென்று உருண்டன.

"விட்டுச்சா அத்தே?" உள்ளே இருந்து அஞ்சலை.

"விட்டுச்சு, வாடி."

தேவராஜ் கீழே கிடந்த உலக்கையைப் பார்த்தான். வாசல் வழியாக நிலாவைப் பார்த்தான். அது இன்னும் பாதி கடிபட்டுத்தான் இருந்தது. ரெண்டில் எதை நம்புவது என்று அவன் முழிக்கிற நேரத்தில், அவளை ரிக்ஷாவில் ஏற்றிவிட்டேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். வழியில் அஞ்சலை அண்ணாந்து பார்த்து, "கறுப்பா ஏதோ கீதே, இன்னும் விடலியா?" என்று வயிற்றைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் பயம்தான். என் முந்தானையை இழுத்து அவள் வயிற்றை மூடினேன். பாம்பு இல்லை என்று வாய் சொல்கிறது, கை மூடுகிறது. இதற்கு இன்னா செய்வது?

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கத்தின கத்தல் ஆவடிக்கே கேட்டிருக்கும். "ரத்தக்கொதிப்பு இப்பிடி ஏறிக்கீது, வீட்டுல இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" என்றாள். உலக்கை பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்ல?

விடியும்போது குழந்தை பிறந்தது. எல்லாரும் ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். நான் உதட்டைப் பார்த்தேன். நல்ல உதடு அண்ணாத்தே, உன் உதடு. அஞ்சலைக்கும் கண் தெளிந்துவிட்டது.

அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததும், சூரியன் உச்சியில் இருக்கும்போது, அதே தாம்பாளம், அதே உலக்கை, நிறுத்திப் பார்த்தேன். நின்றது! கிரகணமும் இல்லை, ஒன்றும் இல்லை, நின்றது. இத்தனை வருஷத்தில் நம் ஆட்களில் ஒருத்தராவது மற்ற நாளில் நிறுத்திப் பார்த்ததுண்டா? அன்றைக்குத் தேவராஜிடமும் காட்டினேன். தாம்பாளத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அது வேற விஞ்ஞானம் அத்தே" என்றான்.

நீ அம்மன் கோயில் பந்தலில் ராகு கதை சொல்வாய். தலை மட்டும்தான் மிச்சம், எத்தனை தரம் விழுங்கினாலும் கழுத்து வழியாக வெளியே வந்துவிடும், உள்ளே தங்குவதற்கு வயிறு இல்லை என்பாய். கூலி வேலை செய்துவிட்டுப் பசியோடு வந்து உட்கார்ந்த சனம் அந்தப் பாம்புக்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அது பொய்யா? பொய்யில்லை. பசி தெரிந்தவனுக்கு அது நிஜம். அதற்காக அதை வைத்துப் பிரசவம் பார்க்க முடியுமா? நீ அதற்கா சொன்னாய்? இல்லை என்றுதான் நினைக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உன் பேத்திக்கு நான் அந்தக் கதையைச் சொல்வேன், பாம்பு, அமுதம், ஒன்றையும் குறைக்காமல். அவள் "நெசமா ஆயா?" என்று கேட்டால் சிரித்து மழுப்ப மாட்டேன். "கதைடி கண்ணு, நல்ல கதை. தலை வலிச்சா டாக்டரம்மாகிட்ட போ" என்று சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இன்றைக்குக் காலையில் உன் படத்தை ஆணியிலிருந்து இறக்கி மடியில் வைத்து, பேத்தியைத் தூக்கி உனக்குக் காட்டினோம். உன் மேலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். சட்டத்துக்குள் இறங்கி மீசை வரைக்கும் நனைந்துவிட்டது. உன்னைக் கண்ணாடியிலிருந்து உருவி, அவள் துணிகளுக்கு நடுவில் கொடியில் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். வெயில் நன்றாக அடிக்கிறது. சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடுவாய்.

உன் கூடப் பிறந்த வாயாடி,
தங்கச்சி கன்னியம்மா,
சேக்காடு