மாலை போடாத படம்

கயலு,

உன்னிடம் கோபித்துக்கொள்ளாமல் வேறு யாரிடம் கோபித்துக்கொள்வேன், சொல்லு?

இன்று இனியாவின் பள்ளிக்கூடத்திலிருந்து போன். தேசிய தின விழாவில், இந்த அரபு நாட்டை உருவாக்கிய ஷேக்கின் வாழ்க்கையைச் சொல்ல நம் பெண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பாலைவனத்தில் வளர்ந்தது, தனித்தனியாக இருந்த ஆட்சியாளர்களைக் கூட்டி உட்காரவைத்து ஒரே நாடாக்கியது, மணலில் மரம் வளர்த்தது எல்லாம் தலைகீழாகத் தெரியுமாம். கடைசி வரியில்தான் தகராறு.

“மோள் நல்லா பறயுது சார். அவர் மரிச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது. உயிரோட இருக்காருன்னு என்கிட்டயே சண்டை!” என்றார் மலையாளி டீச்சர்.

டூட்டி முடிந்து வந்து கேட்டேன்.

“பொய் சொல்ல மாட்டேன்ப்பா. ரோலா பஜார்ல எல்லாக் கடையிலயும் அவர் போட்டோ இருக்கு. ஒண்ணுலகூட மாலை இல்ல. அப்ப உயிரோடதானே இருக்கார்?”

யார் சொல்லிக்கொடுத்த பாடம் இது? ஊரில் உன் அப்பா படத்தைக் காட்டி, மாலை போட்டிருந்தால் சாமிகிட்ட போய்ட்டாங்கன்னு அர்த்தம் என்று சொன்னது நீதானே? மீதியையும் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

“அது நம்ம ஊர்ப் பழக்கம் கண்ணு. இவங்க மாலை போட மாட்டாங்க. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அவர் இறந்துட்டார்.”

ஹாலில் இருக்கும் உன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். மாலை போடு என்று என் அம்மா போன் பண்ணும்போதெல்லாம் திட்டுகிறார். கை வரமாட்டேன் என்கிறது. நீ ஊருக்குப் போயிருக்கிறாய் என்று எல்லோரும் இனியாவிடம் சொல்லிவைத்ததை, அந்த வெறும் படத்தைப் பார்த்துத்தான் இவள் இத்தனை நாள் நம்பியிருக்கிறாள்.

“அப்ப அம்மா?”

பிளான்ட்டில் எது கெட்டாலும் மீட்டரைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இதற்கு எந்த மீட்டரைப் பார்ப்பது? கஷ்டமான பேச்சையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

“அம்மாவும்தான் கண்ணு.”

அவள் அழவில்லை. “முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே? எல்லாத்தையும் நானே கேட்கணுமா?” என்று கத்தினாள். அப்படியே உன் அதட்டல். ரொம்ப நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “கடைசி லைன் சொல்லிடறேன். ஆனா நீங்க முன்னாடி வரிசைல உட்காரணும். நான் உங்களைப் பார்த்துத்தான் சொல்வேன்” என்றாள்.

லீவு தர மாட்டேன் என்று சூப்பர்வைசர் இப்போதே முறைக்கிறார். முறைக்கட்டும். அந்த வரி வரும்போது நான் தலை குனிய மாட்டேன், கயலு. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இனியாவுக்கு அப்பா,
உன் வீட்டுக்காரன்