அவன் பக்கம் சரிவு

பிப்ரவரி 3

பகல் பதினொரு மணி. டியூப்லைட் போட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வீடு கைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. பாதி வீடு. அப்பா எழுதிவைத்தபடி இடது பாதி அண்ணனுக்கு, வலது பாதி எனக்கு. நடுவில் ஒரு சுவர். நான் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் தன் கையாலேயே கட்டியது. இன்றுவரை அதில் அவனுக்குப் பெருமை.

பின்னறையின் பெரிய ஜன்னல் வீட்டுக்குச் சரியான நடுவில் இருக்கிறது. சுவர் அங்கேதான் போய் முடிந்திருக்க வேண்டும். இரண்டடி என் பக்கமாக ஒதுங்கி வந்து முடிந்திருக்கிறது. ஜன்னல் முழுவதும் அவனுக்கு. எனக்கு வலது புறத்தில் அடுத்த கட்டடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மீதிப் பின்சுவரை மாடிப்படி மறைக்கிறது. திறக்க வேறு இடமில்லை.

கேட்டேன்.

"ஒரு ஜன்னல ரெண்டாப் பொளக்க முடியுமா? லைட்டு போட்டுக்கோ," என்றான் அண்ணன்.

போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 9

புத்தகப் பலகை மாட்டலாம் என்று டிரில்லிங் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தேன். ஒரு துளைதான் கேட்டேன். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து என் காலில் விழுந்தது.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள். இது ஒரு செங்கல் கனமே உள்ள சுவர், வாயும் உண்டு.

"என்னடி, வீட்டையே இடிக்கிறியா?" அண்ணன். பிறகு சிரிப்பு.

"விடுங்க. பாவம், ஆசையாப் பண்றா." அண்ணி.

பாவம்.

பிப்ரவரி 10

சிரிப்பு இன்னும் சுவரிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 16

குளியலறைத் தரை ஓடுகள் பாதி உடைந்து கிடக்கின்றன. புதிதாகப் போட்டே ஆக வேண்டும். உடைந்த ஓடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது. குளியலறையை ஒட்டி நிற்கும் இந்த நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

அண்ணனின் ஷோகேஸ். சுவர் அகலத்துக்கு, பிளைவுட்டில். அதைத் தொட வேண்டுமென்றால் கை கழுவிவிட்டு வரச் சொல்வான்.

தண்ணீருக்குக் கொள்கை கிடையாது. பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

கொத்தனாரை வரவழைத்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், தண்ணீர் போகிற வாயைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"ஏம்மா, போற வழி இங்க இருக்கு. நீங்க சரிவ அங்க குடுக்கச் சொல்றீங்க."

"அங்கதான் வேணும்."

"நாளைக்கு என் பேருதாங்க கெடும்."

போய்விட்டார். நல்லது. இதை நானே செய்ய வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துச் செய்கிற காரியம் இல்லை இது.

பிப்ரவரி 18

ஹார்டுவேர் கடை. சிமெண்ட், மணல், கரண்டி, ரசமட்டம்.

"சார் வரலியாம்மா?"

"எந்த சார்?"

"வீட்டுக்காரரு."

"நான்தான் வீட்டுக்காரர்."

கடைக்காரர் ஒரு நிமிடம் யோசித்தார். "சரிங்க வீட்டுக்காரரே. கையுறை வேணுமா?"

ரசமட்டம் அழகான பொருள். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி. நடுவில் நின்றால் மட்டம்.

எனக்கு நடு வேண்டாம்.

பிப்ரவரி 24

கை முழுக்கக் கொப்புளம். கலவை முதலில் கஞ்சியாக இருந்தது, அப்புறம் கல்லாகிவிட்டது. முட்டி போட்டு முட்டி போட்டு ஒவ்வொரு ஓடாகப் பதித்தேன். காய்ந்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன்.

ஒழுங்காக வாய்க்குப் போய் இறங்கியது. ஒரு சொட்டுக்கூடத் தேங்கவில்லை.

கை தவறி நல்லதாக அமைந்துவிட்டது. நியாயமாக சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்—

எல்லாவற்றையும் உடைத்தேன்.

மார்ச் 4

இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஒவ்வொரு ஓட்டிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் குமிழி ஒரே அளவு ஒதுங்கி நிற்கிறது, அவன் சுவர் ஒதுங்கிய மாதிரி. இடுக்குகளில் ஒயிட் சிமெண்ட் வைத்துத் துடைத்தேன். சுவரடியில் மட்டும் வைக்கவில்லை.

ஊற்றினேன். தண்ணீர் தயங்காமல் சுவரடிக்குப் போய் நின்றது. யோசிப்பது போல இருந்தது. பிறகு மெதுவாகக் குறைந்தது.

வாழ்க்கையில் நான் இவ்வளவு சுத்தமாக ஒரு காரியம் செய்ததில்லை.

மார்ச் 5

இரண்டு தடவை குளித்தேன்.

மார்ச் 21

"ஏங்க, சுவரு வேர்க்குது பாருங்க."

"வெயில் அப்படி."

வெயில். அவனுக்குத்தானே ஜன்னல் இருக்கிறது. வெயிலைப் பற்றி அவன்தான் பேச வேண்டும்.

ஏப்ரல் 6

ஷோகேஸ் கதவு உப்பிவிட்டது. அவன் இழுக்கிறான், வரவில்லை. மூச்சைப் பிடித்து இழுக்கிறான். கைப்பிடி மட்டும் வந்திருக்க வேண்டும், என்னவோ விழுந்து உருண்டது.

"எத்தன தடவ சொன்னேன், கண்ணாடிக் கதவாப் போடுங்கன்னு."

"நீ சும்மா இரு."

நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காது ஈரமானது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பொல்லாதவளா நான்? ஆமாம் போலிருக்கிறது. இருக்கட்டுமே.

ஏப்ரல் 17

வந்துவிட்டான். அண்ணியும் பின்னாலேயே.

நேராகக் குளியலறைக்குள் போனான். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினான். அது போன வழியைக் கண்ணாலேயே தொடர்ந்தான். நான் தயாராக நின்றேன். சொல்ல வேண்டிய வாக்கியங்களை வாரக்கணக்கில் தீட்டி வைத்திருந்தேன். அவன் கத்த வேண்டும். நான் ஜன்னலில் ஆரம்பிக்க வேண்டும்.

"இத நீயே போட்டியா?"

"ஆமா."

அவன் முகம் இளகியது. என் தலையில் கை வைத்தான்.

"பாவம்டி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்ல? சரிவத் தலகீழாப் போட்டு வெச்சிருக்க."

"படிச்ச பொண்ணு, இதெல்லாம் எங்க தெரியும்?" என்றாள் அண்ணி.

"ஷோகேஸ் போனாப் போகட்டும். ஞாயித்துக்கிழம வந்து நானே மாத்திக் குடுக்கறேன்."

மன்னித்துவிட்டான். என்னைக் கேட்காமலேயே மன்னித்துவிட்டான்.

அவன் கையிலிருந்த குவளையை வாங்கி வாளிக்குள் போட்டேன்.

ஏப்ரல் 18

தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஹார்டுவேர் கடைக்காரர் என்னைப் பார்த்ததும்: "தண்ணி எதிர்ப்பக்கம் போகுதாமே வீட்டுக்காரரே? மொதத் தடவ எல்லாருக்கும் அப்படித்தான்."

எல்லாருக்கும் அப்படித்தானா? எல்லாரும் நல்ல தரையை உடைத்துவிட்டா மறுபடி போடுகிறார்கள்?

சொல்லாவிட்டால் கத்துக்குட்டி. சொன்னால் பொல்லாதவள். கத்துக்குட்டியாகவே இருந்துவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. ஷோகேஸ் போனது போனதுதான். ஆனால் எதற்காகப் போனது என்று அவனுக்குத் தெரியாதென்றால் அது பழியே இல்லை. வெறும் ஈரம்.

ஏப்ரல் 20

உளி, சுத்தியலோடு வந்தான். விசிலடித்துக்கொண்டு. முதல் ஓட்டில் உளியை வைத்தான்.

பொறுக்க முடியவில்லை.

"தொடாத."

"ஏன்?"

"அது தப்பாப் போட்டது இல்ல."

சிரித்தான். நான் ரசமட்டத்தைக் கொண்டுவந்து தரையில் வைத்தேன். அடுத்த ஓட்டில் வைத்தேன். அதற்கடுத்த ஓட்டில். மூலையில். சிரிப்பு நின்றது. என் கையிலிருந்து அதை வாங்கி அவனே வைத்துப் பார்த்தான். எங்கே வைத்தாலும் குமிழி அதே இடத்தில் நின்றது.

"பாத்துப் பாத்துப் போட்டேன். மொதல்ல நல்லாத்தான் வந்துச்சு. உடைச்சிட்டு மறுபடி போட்டேன். தெரியாமப் போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாத."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"ஜன்னலுக்கா?"

"ஜன்னலுக்கு."

"அதுக்கு இவ்வளவா?"

"நீ பகல்ல லைட்டு போட்டுச் சாப்பிட்டிருக்கியா?"

ரசமட்டத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். எழுந்து போனான். உளியை மறந்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 21

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சுவர் இப்போதுதான் சுவர் மாதிரி இருக்கிறது.

ஜெயித்துவிட்டேன். எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 30

சுவர் அவன் பக்கம் வயிறு தள்ளி நிற்கிறது. அண்ணி பயந்துபோய்க் கொத்தனாரைக் கூப்பிட்டாள். அதே கொத்தனார். என்னைப் பார்த்ததும் பார்வையை விலக்கிக்கொண்டார். சுவரடியைக் கொத்திப் பார்த்தார்.

"ஈரம் மட்டும் இல்லீங்க. அடியில கடக்காலே இல்ல. பழைய தரை மேலயே கல்ல வெச்சு ஏத்தியிருக்கு. எப்படியும் ஒருநாள் சாஞ்சிருக்கும். யாருங்க இதக் கட்டினது?"

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான்.

"பாவம்," என்றேன், "மொதத் தடவ எல்லாருக்கும் அப்படித்தான்."

அண்ணி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். என் வாழ்நாளில் அவள்மேல் எனக்கு வந்த முதல் பிரியம்.

மே 12

சுவரை இடித்தாயிற்று. வீடு மறுபடி ஒரே வீடு. வெளிச்சம் என் கட்டில்வரை வந்து கிடக்கிறது. அதன் மேல் கால் வைக்கத் தயக்கமாக இருக்கிறது.

புதுச் சுவருக்கு நூல் பிடிக்க வேண்டும். கொத்தனார் ஆணியை நீட்டினார். நான் வாங்குவதற்குள் அண்ணன் வாங்கிக்கொண்டான். எங்கே அடிக்கப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டைக்கு வேண்டிய வாக்கியங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றுகூட மழுங்கவில்லை.

அது இரட்டைக் கதவு ஜன்னல். நடுவில் ஒரு கட்டை. இத்தனை வருடம் பார்த்திருக்கிறோம், இரண்டு பேரும்.

கட்டைக்கு நேர் கீழே அடித்தான்.

"நூலப் பிடி," என்றான்.

பிடித்தேன். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் நன்றி சொல்லவில்லை. நூல் மட்டும் விறைப்பாக இருந்தது.

மே 20

குளியலறைத் தரையை உடைத்து நானே மாற்றிப் போட்டேன், அவன் விட்டுப்போன உளியால். தண்ணீர் வாய்க்குப் போகிறது. இதில் திறமை எதுவும் இல்லை, ஏற்கெனவே ஒரு தடவை செய்ததுதான்.

உளியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்கட்டும்.

மே 29

டியூப்லைட்டைப் போடவில்லை.

எழுந்ததும் முதல் வேலையாகப் போய் என் ஜன்னல் கதவைத் திறந்தேன். சத்தம் வர வேண்டும் என்றே கொஞ்சம் வேகமாக.

கட்டைக்கு அந்தப் பக்கம் அவன் கதவு எனக்கு முன்னாலேயே திறந்திருந்தது.

எரிச்சலாகத்தான் இருந்தது. நாளைக்கு இன்னும் சீக்கிரம் எழ வேண்டும்.