வாசல் விட்ட பாத்தி

மார்ச் 3

இன்று பழுதுபார்க்கப் போன லிஃப்ட் ஒன்று நான்காம் மாடியிலேயே நின்று அடம்பிடித்தது. அதைச் சமாதானப்படுத்தி வீடு வந்தால், பின்கதவு விரியத் திறந்து கிடக்கிறது.

அண்ணன் இறந்த பிறகு அந்தக் கதவை நான் திறந்ததே இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய வீடு இது. பின்பக்கம் அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஓர் அறை என்று அஸ்திவாரம் போட்டு, முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தோம். அதற்குள் அவன் போய்விட்டான். துருப்பிடித்த கம்பி, உடைந்த செங்கல், காய்ந்துபோன சிமென்ட் மூட்டை எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது. அந்தச் சுவர்களுக்கு நடுவே அண்ணி குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி இது?"

"சும்மாதானே கிடக்கு தம்பி. நாலு காய் போடலாம்னு பாக்கறேன்."

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 'வேற இடம் கிடைக்கிற வரைக்கும்தான்' என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார். கூடத்து மூலையில் அவர் பெட்டி இன்னும் பிரிக்காமலே இருக்கிறது. நான் தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணி துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவர். தோட்டமும் அப்படியே நடக்கிறது. கழுத்தில் இன்ச் டேப், கையில் சாக்பீஸ். செங்கல்மேல் கோடு போட்டு, நூல் கட்டி, பாத்தி பிரித்தார்.

"அக்கா, மண்ணுக்கு ப்ளவுஸா தைக்கப்போறீங்க?" என்றாள் என் மனைவி.

"சிரி சிரி. அளவெடுக்காம வெட்டிட்டு அப்புறம் முழிக்கிறது என் வழக்கம் இல்ல."

ஒன்று மட்டும் வேடிக்கை. நாமெல்லாம் மண்ணில் இறங்க செருப்பைப் போடுவோம், அண்ணி கழற்றுகிறார். அந்தக் குட்டைச் சுவரை ஒரே எட்டில் தாண்டிவிடலாம். ஆனால் அவர் சுற்றிக்கொண்டு போய், கிழக்குப் பக்கம் ஓர் இடத்தில் செருப்பை விட்டுவிட்டு, அங்கிருந்துதான் உள்ளே போகிறார். அந்த இடத்துக்கு எதிரே விதைக்கவும் இல்லை. நல்ல இடம், வீணாகக் கிடக்கிறது. கேட்டால் "நடக்க வழி வேணாமா?" என்கிறார்.

மார்ச் 22

வெண்டை வரவில்லை. பீன்ஸ் வரவில்லை. புல்கூட வரவில்லை.

தோண்டிப் பார்த்தோம். ஒரு சாணுக்குக் கீழே பாறை மாதிரி சிமென்ட். அண்ணன் காலத்தில் கலவை போட்ட இடம், மேலே மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"விடுங்க அண்ணி. தரை போட்டு மூடிடலாம்."

அண்ணி கடப்பாரையை எடுத்து என் கையில் கொடுத்தார். "தையல் கோணலாப் போச்சுன்னா பிரிச்சுட்டுத் தைக்கிறோம். துணியைத் தூக்கிப் போட்டுடறோமா?"

மாலை வரை உடைத்தோம். ஒரு தடவைகூட அவர் முகம் சுளிக்கவில்லை. எப்படித்தான் முடிகிறதோ.

மார்ச் 23

இடுப்பு போச்சு. அண்ணி வழக்கம்போல் வேலைக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 13

நர்சரி மண், எரு, சமையலறைக் கழிவு எல்லாம் கொட்டி மறுபடி போட்ட விதை. இன்று காலை பீன்ஸ் தலையை நிமிர்த்தியிருக்கிறது. மோட்டார் கிடையாது, வடம் கிடையாது, என்னை மாதிரி ஒரு மெக்கானிக்கும் கிடையாது. தானாக மேலே வருகிறது. குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததில் வேலைக்குத் தாமதம்.

நூல் பிடித்தாற்போல் வரிசை. அண்ணி கை அது.

ஏப்ரல் 19

அண்ணியின் அக்கா போன் செய்திருந்தார். அண்ணி தைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் பேசியதால் எல்லாம் காதில் விழுந்தது.

"கூடத்துல பெட்டியை வெச்சுக்கிட்டு எவ்வளவு நாள்டி இருப்பே? இங்க வா, உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு."

அண்ணி "பாக்கலாம்க்கா" என்றார். வர மாட்டேன் என்று சொல்லவில்லை.

அந்த அக்கா சொன்னதில் என்ன தப்பு? ஒரு அறை இல்லாத வீட்டில் எப்படி இருப்பார்? ஏன்டா அண்ணா, பாதியில விட்டுட்டுப் போனே? நான் ஒருத்தன் என்ன பண்ணுவேன்?

முடிவு செய்துவிட்டேன். மேஸ்திரியிடம் பேசியாயிற்று, சுவரை எழுப்பி அறையை முடிக்கப்போகிறோம். "உங்க அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் மனைவி. கேட்டால் வேண்டாம் என்பார். செடிகளைத் தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மே 31, ஞாயிறு

மேஸ்திரி ஒருவழியாக இன்றுதான் நூலும் தூக்குக்குண்டுமாக வந்து நின்றார். எதிரே பீன்ஸ் பந்தல், காயும் பூவுமாக. அண்ணி உள்ளே இருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அந்த மனிதர் போட்டு உடைத்துவிட்டார்.

"ரூம் கட்டணும்னு தம்பி சொன்னாரும்மா. வாசல் எந்தப் பக்கம் வைக்கணும்?"

நான் அசடு வழிய நின்றேன். எனக்கே தெரியாது, அதெல்லாம் அண்ணன் மனதில் இருந்தது.

அண்ணி எழுந்து, செருப்பு கிடந்த இடத்தைக் காட்டினார். "இதோ, இங்கதான். அவர் என்னைக் கூட்டிட்டு வந்து காட்டியிருக்கார். இங்க வாசல். அந்தப் பந்தல் இருக்கிற இடத்துல ஜன்னல்."

இத்தனை நாளும் அவர் வாசல் வழியாகத்தான் போய்வந்திருக்கிறார். நான் வீணாகக் கிடக்கிறது என்றேன்.

"எதுக்கு தம்பி இப்ப சுவர்?"

"இல்ல அண்ணி... உங்களுக்குன்னு ஒரு ரூம் இல்லேன்னா நீங்க போயிடுவீங்களோன்னு..."

அவர் ஒரு பீன்ஸைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டார். "நான்தான் குடி வந்துட்டேனே."

மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பை நிறையக் காய் கொடுத்து அனுப்பினோம்.

குளியலறைக்குப் போய் அழுதேன். அண்ணன் கொடுத்துவைத்தவன். நானும்தான்.

ஜூன் 1

மறுபடி அந்த அக்காவின் போன். "எப்படிக்கா வர? கத்திரி இப்பத்தான் பூ விட்டிருக்கு" என்றார் அண்ணி. ஸ்பீக்கருக்கு நன்றி.

ஜூன் 15

வேலையிலிருந்து வந்தபோது கூடத்து மூலை காலியாக இருந்தது. ஒரு நொடி உயிரே போய்விட்டது. அண்ணாந்து பார்த்தால், பெட்டி பரண்மேல் ஏறியிருக்கிறது. துணியெல்லாம் எங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில்.

பின்னால் பேச்சுக்குரல் கேட்டது. கிழக்குப் பக்கம் அண்ணியின் செருப்பும் என் மனைவியின் செருப்பும் கிடந்தன. பக்கத்தில் என்னுடையதையும் விட்டுவிட்டு உள்ளே போனேன்.