சிராத்தப் படத்துக்கு வைத்த கண்கள்

வியாழன், இரவு

இங்கே கல்கத்தாவில் போட்டோ திருத்தித் தரும் என்னிடம் ஜாதவ்பூர்க்காரர் ஒருவர் காலையில்தான் கேட்டார். நாளைக்கு அவர் அம்மாவுக்கு சிராத்தம், மாலை போட பெரிய படம் வேண்டுமாம். இருந்த ஒரே நல்ல போட்டோவில் அந்த அம்மா கண்ணை மூடியிருந்தார். "கண்ணை மட்டும் திறந்து கொடுத்துடுங்க திதி, மத்தியானம் பிரிண்டுக்குப் போகணும்." இங்கே எல்லோருக்கும் நான் திதி, அதாவது அக்கா.

வேறு படம் கேட்டிருக்கலாம். துர்கா பூஜைக்குப் பேனர் அடிக்கக் கொடுத்தவர்கள் வேறு உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். என் பாஸ்போர்ட் போட்டோதான் கைக்குக் கிடைத்தது. என் கண்களை வெட்டி ஒட்டினேன். மையை அழித்து, சுருக்கம் வரைந்து, கருவிழியைக் கொஞ்சம் மங்கலாக்கினேன். அனுப்பிவிட்டு பேனருக்குத் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. கண்டுபிடித்துவிட்டார், திட்டப்போகிறார் என்று நினைத்து எடுத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். "அம்மா அப்படியே பார்க்கிறாங்க திதி. அப்பா படத்தை விட்டு நகர மாட்டேங்கிறார். கேளுங்க, பேசிக்கிட்டே இருக்கார்."

பின்னால் கிழவர் குரல் கேட்டது. "கேயேச்சோ?" சாப்பிட்டாயா என்று பெண்டாட்டியைக் கேட்கிறார். இல்லை என்று என் வாய்வரை வந்துவிட்டது. காலையிலிருந்து டீயோடுதான் இருந்தேன். போனை வைத்துவிட்டேன்.

ஃபைலை அழித்துவிட்டேன். அழித்து என்ன? படம் அங்கே சுவரில் இருக்கிறது. கிழவர் இன்னும் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார்.

தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. ஆனால் நான் கண்ணை மூடினால் அங்கே அந்த அம்மாவும் மூடிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.