அன்று பணியில் இல்லாத நர்ஸ்

நம் ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரியின் அறிவிப்புப் பலகையில் நேற்றுக் காலை ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். முன்பு தற்காலிகமாக வேலை பார்த்து நின்றுபோன நர்ஸுகளை நிரந்தர வேலைக்கு அழைக்கும் பட்டியல். ஏழாவதாக உங்கள் பெயர் இருக்கிறது. தகப்பனார் பெயர், ஆமத்தூர் விலாசம் எல்லாம் சரி. தலைமைக் குமாஸ்தாவிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நீங்கள்தான்.

சிஸ்டர், நீங்கள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

நான் பலகை முன்னால் நின்றபோது, ஒருவர் வாழையிலைக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு வார்டுக்குள் போனார். தீபாவளி சீசன் தொடங்கிவிட்டது. தீப்பட்ட உடம்பு துணியில் ஒட்டிக்கொள்ளும், இலையில் ஒட்டாது என்று எனக்குச் சொன்னது நீங்கள். அந்தப் பச்சை வாசனை பட்டதும் அந்த மத்தியானம் திரும்பி வந்தது.

அப்போது நீங்கள் தற்காலிக நர்ஸாக ஐந்தாவது வருஷம். மூன்று மாதத்துக்கு ஓர் உத்தரவு. அது முடிந்ததும் ஒரு நாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, மறுநாள் புது உத்தரவு கொடுப்பார்கள். தொடர்ந்து வேலை பார்த்ததாகச் சொல்லி யாரும் நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஒரு நாள். ஆபீசில் அதற்குப் பெயர் பிரேக்.

"எங்க ஆண்டவர் மூணாம் நாள்தான் எந்திரிச்சாரு அண்ணாச்சி. நான் ரெண்டாம் நாளே எந்திரிச்சிருதேன். சர்க்காருக்கு அம்புட்டு அவசரம்" என்று சிரிப்பீர்கள்.

நிரந்தரமானால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். படுக்கையில் கிடந்த அம்மாவை ஆமத்தூரிலிருந்து கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் வாயிலிருந்து வேறு ஆசை எதையும் நான் கேட்டதில்லை. பெரிய டாக்டர் சிபாரிசு எழுதி அனுப்பியிருந்தார். அடுத்த உத்தரவோடு ஆகிவிடும் என்று நம்பியிருந்தீர்கள்.

அந்த மத்தியானம் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஷெட் வெடித்தது. லாரியில்தான் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். இரண்டு வார்டுக்கும் சேர்த்துப் பணியில் இருந்தவர் ஒரே ஒரு நர்ஸ். உங்களுக்கு அன்று பிரேக். சாவியை ஒப்படைக்க வந்தவர், கட்டியிருந்த மஞ்சள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வார்டுக்குள் போய்விட்டீர்கள்.

பத்திரிகைச் செய்திக்காகக் காயம்பட்டவர்களின் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு நான் வாசலில் நின்றேன். "பேனாவ மூடிட்டு இந்த இலையப் பிடிங்க அண்ணாச்சி. பேரு எங்கயும் ஓடிராது" என்றீர்கள். பிடித்தேன்.

ஆயா மாடத்தி மருந்துத் தட்டோடு வந்து, "இன்னைக்கு நீங்க நர்ஸே இல்லியாம்லா, குமாஸ்தா சொல்லுதாரு" என்றாள்.

"அப்ப வேடிக்கை பாக்க வந்தவன்னு எழுதிக்கிடச் சொல்லு. நீ அந்தப் பக்கத்துக் கட்டிலுக்குத் தண்ணி குடு."

சாயங்காலம் குழாயடியில் கை கழுவிக்கொண்டே, "நான் வந்தத எழுதாதீக" என்றீர்கள். பெயர் போட மாட்டேன் என்று சொன்னேன்.

பெயர் போடவில்லைதான். 'அன்று பணியில் இல்லாத நர்ஸ் ஒருவரும் வந்து சிகிச்சை அளித்தார். இருந்த நர்ஸ் ஒருவரே' என்று எழுதி, விருதுநகர் ஸ்டேஷனில் ரயில் தபாலில் சேர்த்தேன். அதைப் படித்து மேலே உள்ளவர்கள் கூடுதல் நர்ஸ் போடுவார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு சொல்லும் நான் கண்ணால் பார்த்தது. அன்றைக்குப் பிரேக்கில் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே செய்தி அச்சில் வந்தது. வேலையில் இல்லாதவரை நோயாளியைத் தொட அனுமதித்தது யார் என்று ஜில்லா ஆபீசிலிருந்து அன்றே விளக்கம் கேட்டார்கள். புது உத்தரவு நின்றுபோனது. நான் குமாஸ்தாவைப் போய்ப் பார்த்தேன். அப்போதிருந்தவர் நல்ல மனிதர்.

"நாங்க பாக்காத மாதிரித்தான் இருந்தோம். அச்சுல வந்தத எப்படிப் பாக்காம இருக்க? ஒரு வரி மறுப்புப் போடச் சொல்லுங்க, அப்படி யாரும் வரலைன்னு. டாக்டரும் அதையே எழுதிருவாரு. ஃபைல மூடிருதேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து நீங்களே என் வீட்டுக்கு வந்தீர்கள். நாற்காலியில் உட்காரவில்லை.

"ஒரு வரி அண்ணாச்சி."

"நடந்ததை நடக்கலைன்னு நான் எப்படிம்மா எழுதுவேன்?"

"அதுவுஞ் சரிதான். நீங்க எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்லியே" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினீர்கள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தச் செய்தியால் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கூடவில்லை. ஒருவர் குறைந்தார். நீங்கள் அம்மாவை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். மறு வருஷம் அம்மா இறந்தபோது நீங்கள் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. உங்கள் மனுக்களுக்கெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில் வந்ததாக உங்கள் அண்ணன் சொன்னார். காமாலையில் நீங்கள் போனதையும் அவர்தான் ஆமத்தூர் பஸ் நிறுத்தத்தில் சொன்னார்.

இப்போதிருக்கும் குமாஸ்தா புதியவர். உங்கள் மேல் இருந்த பழைய ஃபைல் என்ன ஆயிற்று என்று நேற்றுக் கேட்டேன். "அது எங்கன கெடக்கோ, எலி தின்னுருக்கும். ஆளு இல்லாமத்தான மறுபடி கூப்பிடுதோம். அந்தம்மா வருவாகளா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "அடப்பாவமே" என்றவர், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

"ஒரு வரி எழுதிக் குடுங்க அண்ணாச்சி, இறந்துட்டாகன்னு. நீங்க எழுதுனா ஆபீசுல நம்புவாக. பேர அடிச்சிருதேன்."

இந்த முறை அது உண்மையான வரி. பேனாவின் மூடியைக் கழற்றினேன். எழுதவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் அது அங்கேதான் இருக்கிறது.

ஆஜராக வேண்டிய கெடு அடுத்த மாதக் கடைசி. வராதவர்களின் இடத்துக்கு மறுநாளே தற்காலிக நர்ஸுகளை, மூன்று மாத உத்தரவில், போட்டுவிடுவார்களாம். கெடு முடியும்வரை ஏழாவது பெயர் பலகையில் இருக்கும்.