திரைக்கு வெளியே போன நிலா

என் முருகேசா,

நீ இருக்கும் இடத்தில் சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. வேறொன்று கேட்கிறேன். அங்கிருந்து பார்த்தால் நிலா தெரிகிறதா? நாங்கள் பார்க்கவே முடியாத அதன் முதுகு உனக்குத் தெரிகிறதா?

ராமகிருஷ்ணபுரம் அரசு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். அது லேசாக நடக்கவில்லை. அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நேரு பிளேஸ் கடைகளில் பாகம் பாகமாக வாங்கி நீ பூட்டிய கம்ப்யூட்டர் நினைவிருக்கிறதா? ஆபீசில் கட்டடங்களுக்குப் படம் வரைந்துவிட்டு வந்து, வீட்டிலும் எதையாவது வரைந்துகொண்டே இருப்பாய். நான் அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம். "எல்லாப் புத்தகத்திலும் நிலாவைப் பூமிக்குப் பக்கத்து வீட்டில் குடிவைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அதையே நம்புகிறார்கள்" என்று ஒருநாள் குறைபட்டுக்கொண்டேன். "அளவைச் சொல்லுக்கா, நான் ஓட விடுதேன்" என்றாய்.

சொன்னேன். பூமி ஒரு சுண்டைக்காய் என்றால் நிலா ஒரு பெரிய கடுகு. இரண்டுக்கும் நடுவில் முப்பது சுண்டைக்காயை வரிசையாக வைக்க இடம் வேண்டும். நீ என் பள்ளிக்கூட ஸ்கேலை வாங்கி, ஒரு முனையை மானிட்டர் கண்ணாடியின் நடுவில் வைத்தாய். மறுமுனை திரையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த உன் தோளைத் தொட்டது.

"அப்போ நிலா இங்கதான் இருக்கு" என்று தோளைத் தட்டிக்கொண்டு சிரித்தாய்.

அப்படியேதான் செய்தாய். பக்கவாட்டில் நின்று பார்ப்பதுபோல ஒரு படம். கறுப்புத் திரையின் நடுவில் நீலச் சுண்டைக்காய். இடது ஓரத்திலிருந்து கடுகு மெல்ல வரும். பூமிக்கு முன்னால் கடந்து வலது ஓரத்தில் வெளியே போய்விடும். வெகுநேரம் திரையில் பூமி மட்டும் தனியாக இருக்கும். பிறகு போன வழியிலேயே உள்ளே வந்து, பூமிக்குப் பின்னால் ஒளிந்து, இடது பக்கம் மறையும். நான் வகுப்பில் முத்ரிகா பஸ்ஸை உதாரணம் சொல்வேன். ரிங் ரோட்டைச் சுற்றுகிற பஸ் நம் ஸ்டாப்பைத் தாண்டியதும் கண்ணில் படாது. அதற்காக பஸ் இல்லை என்று ஆகிவிடுமா? எங்கோ ஊரைச் சுற்றிக்கொண்டுதானே இருக்கும்?

எப்படி ஓடுகிறது என்று கேட்டபோது நீ சொன்ன பதில்தான் என்னை விடுவதில்லை. "அது ஓடவே இல்லக்கா. ஒரு இடத்துல வரையுது, அழிக்குது, மயிரிழை தள்ளி வரையுது. நம்ம கண்ணுதான் அதை ஒரே நிலான்னு நம்புது." அழிப்பதற்கும் வரைவதற்கும் நடுவே அது எங்கே இருக்கும் என்று கேட்டேன். நீ அதை மறுபடி ஓட விட்டுக் காட்டினாய்.

அந்தக் கடைசி நாளைப் பற்றி உன் சுமதி எனக்குச் சொன்னது இது. நிலா வலது ஓரத்தில் வெளியே போனது. நீ நாற்காலியை விட்டு எழுந்தாய். "நிலா வெளிய போயிருக்கு. அது வாரதுக்குள்ள பால் வாங்கிட்டு வந்திருதேன்" என்றாய். தினமும் சொல்கிற வேடிக்கைதானே? நீ படியிறங்கும்போதே கரண்ட் போனது. திரை அணைந்தது. கீழ்ப் படியில் நீ விழுந்து கிடந்ததைப் பால் பூத்துக்காரர்தான் முதலில் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை, யாரையும் தொடவிடவில்லை. மேலே ஒரு பழைய புடவைத் துணியைப் போட்டு மூடிவைத்தாள். நாற்காலி நீ தள்ளிவிட்டுப் போன கோணத்திலேயே இருந்தது. கூட்டும்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவாள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. என்னோடு துவாரகாவுக்கு வந்துவிடு என்று நான் பலமுறை கூப்பிட்டேன். ஒருநாள் சொன்னாள்: "எப்படி வருவேன் மதினி? நிலா வெளிய இருக்கும்போதே கரண்ட் போயிட்டு. இங்கனதான் எங்கயோ நிக்குது. மறுபடி சுவிட்சப் போட்டா புதுசா ஒண்ணு வரும். அது வேற நிலா. அது வந்துட்டா, இவுக சொன்ன சொல்லு தப்பிப்போன மாதிரில்லா ஆயிரும்?"

எனக்குப் புரிந்துவிட்டது. நிலா திரும்பி வராதவரை நீ தாமதிக்கவில்லை.

முப்பது ஆண்டுகள் அறிவியல் நடத்தியவள் நான். அவளுக்குத் துணையாக அங்கே தங்கியிருந்த நாட்களில், என்னை அறியாமலே நானும் அந்த நாற்காலிப் பக்கம் கையை நீட்டாமல், விலகி நடக்கத் தொடங்கியிருந்தேன். எதில் இடித்துக்கொள்வேன் என்று பயந்தேன்?

வேறு வழியில்லாமல் டெம்போவை வரவழைத்தேன். ஜனவரிப் பனி. நண்பகலிலும் ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக் தெரியவில்லை. கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிட்டு வருகிறேன், இல்லை நானும் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சுமதி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். சாமான் ஏற்ற வந்த ஆள் நேராக மேஜைக்குப் போய்த் துணியை எடுத்தான்.

"பஹன்ஜி, பெஹலே சலாகே தேக் லோ. பாத் மே போலோகே ஹம்னே தோட் தியா."

ஓட்டிப் பாருங்கள், அப்புறம் நாங்கள் உடைத்தோம் என்பீர்கள் என்கிறான். "மத் கரோ பையா!" வேண்டாம் என்று சுமதி அலறுவதற்குள் சுவிட்சைப் போட்டுவிட்டான்.

நீ அமைத்திருந்தபடி உன் படம் தானாக ஓடத் தொடங்கியது. கறுப்பு. நடுவில் நீலச் சுண்டைக்காய். நிலா இல்லை.

"டீக் ஹை, சல் ரஹா ஹை" நன்றாக ஓடுகிறது என்று அவன் அணைக்கப் போனான். பொறு என்று சுமதி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ருகோ."

மூன்று பேரும் நின்றோம். திறந்த கதவு வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலிலிருந்து தொடங்கினால் அங்கேதானே வரவேண்டும்?

வரவில்லை. வலது ஓரத்தில், உன் நாற்காலிப் பக்கமிருந்து, கடுகு மெல்ல உள்ளே நுழைந்தது.

அதே நேரம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நிதானமாக மேலே வந்து நம் வாசலில் நின்றது. "அபே, அந்தர் ஆ நா!" உள்ளே வா என்று அந்த ஆள் தன் கூட்டாளியைக் கூப்பிட்டான். யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தான். வாசலில் ஆள் இல்லை. கூட்டாளியோ கீழே டெம்போவுக்குள் ஏறி நின்று கட்டிலைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான்.

இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை, முருகேசா. பனிக்காலத்தில் சத்தம் வேறெங்கிருந்தோ வருவதுபோல் கேட்கும். மேல்மாடிக்காரராக இருக்கலாம். அப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்.

நிலா நடுவழியில் தொடங்கியதற்கு மட்டும் விளக்கம் கிடைத்தது. நின்றபடியே உன் புரோகிராமைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கு நடத்திய கம்ப்யூட்டர் பயிற்சியில் கற்ற 'பேசிக்' மொழி கொஞ்சம் கைகொடுத்தது. நிலா எங்கே தொடங்கவேண்டும் என்று நீ எங்கேயும் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தைக் கேட்டு, இந்த நேரத்தில் நிலா எங்கே இருக்கவேண்டுமோ அங்கே வரையச் சொல்லியிருந்தாய். அந்தக் கடிகாரத்துக்கென்று காசு அளவில் ஒரு சின்ன பேட்டரி உண்டு. கரண்ட் போனாலும் அது நிற்காது.

சுமதியிடம் அப்படியே சொன்னேன்.

"அப்போ இத்தன நாளும்?"

"சுத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கு சுமதி. இப்போ வந்தது புதுசு இல்ல. அதே நிலாதான்."

"துணி போட்டு மூடியிருந்தப்பவும் வந்துட்டுப் போச்சா?"

"ஆமா."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். "அப்போ இவுகளும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "லே சலோ பையா. குர்சி பீ. ஆராம் சே." எடுத்துப் போகலாம், நாற்காலியும் வரவேண்டும், மெதுவாக. அவளே சொன்னாள்.

டெம்போவின் முன்சீட்டில் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மானிட்டர் பின்னால் போர்வைக்குள் இருந்தது. வரைய இடமே இல்லை. ஆனால் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அந்தக் கடுகு வழியெல்லாம் அவளைச் சுற்றித்தானே வந்திருக்கும்? எங்களுக்கு நடுவே ஒரு சாண் இடம் விட்டிருந்தாள். நான் நெருங்கி உட்காரவில்லை.

இங்கே மேஜையை முதலில் சுவரோரம் போட்டோம். வலது பக்கம் நாற்காலிக்கு இடமில்லை என்று சுமதி அதைத் திருப்பிப் போட்டாள். உன் ஆபீசிலேயே அவளுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். காலையில் டிபன் டப்பாவோடு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். போன வாரம் ஏதோ சொன்னதற்கு உரக்கச் சிரித்தாள், சிரித்துவிட்டுத் திடுக்கிட்டாள். மெட்ரோவுக்குத் தூண் எழுப்புகிறார்கள், வீடெல்லாம் புழுதி.

பகலில் நான் தனியாக இருக்கிறேன். நிலா வலது ஓரத்தில் வெளியே போகும். சில நேரம் அப்போது லிஃப்ட் நம் மாடியில் வந்து நிற்கும், கதவு திறக்கும் சத்தம் கேட்கும். காலடி கேட்காது. நான் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. பார்க்காததால் ஒன்று இல்லை என்று ஆகிவிடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள்தானே நான்?

ஒரு வாக்குத் தருகிறேன். அந்தக் காசளவு பேட்டரி என்றைக்காவது தீரும். தீரும்முன் மாற்றிவிடுவேன். மாற்றிய கையோடு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சரியாக வைப்பேன். எனக்குப் பின் சுமதி வைப்பாள், அவளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன். நீ வெளியே இருக்கும்போது கணக்கு நின்றுபோக விடமாட்டோம். நீ அவசரப்படாமல் வா.

பகலில் கதவைத் தாழிடாத உன் அக்கா,
செண்பகம்